நாற்பது மூக்குகளின் சாட்சி

வகுப்பில் எல்லோரும் அவளைச் சாமியார் என்றுதான் கூப்பிட்டார்கள். பக்தியால் வந்த பெயர் இல்லை. ஆர்கானிக் கெமிஸ்ட்ரி லேபில் அழுகின முட்டை நாற்றம் அடித்தாலும் சரி, கண்ணில் தண்ணீர் வரவழைக்கும் நெடி கிளம்பினாலும் சரி, மற்றவர்கள் முகமெல்லாம் அஷ்டகோணலாகும்போது இவள் முகத்தில் மட்டும் ஒரு கோடு விழாது. முற்றும் துறந்தவள் மாதிரி பர்னரைக் கொஞ்சம் சின்னதாக்கிக்கொண்டு தன் வேலையைப் பார்ப்பாள். பையன்கள் மூக்கின் மேல் விரல் வைத்தார்கள். வியப்பில் வைத்தார்களா, நாற்றத்தில் வைத்தார்களா என்பது வேறு விஷயம்.

உண்மையில் துறவு ஒன்றும் இல்லை. அவளுக்குப் பிறவியிலேயே வாசனை தெரியாது. மூக்கும் முழியுமாக லட்சணமான பெண்தான். ஆனால் அந்த மூக்கு, மூச்சு விடுவதற்கும் கண்ணாடி வழுக்கி விழாமல் இருப்பதற்கும் தவிர வேறு ஒரு வேலையும் செய்ததில்லை.

வீட்டில் இது தெரிய வந்தது அவளுக்கு ஏழு வயதானபோது. அம்மா பாலை அடுப்பில் வைத்துவிட்டு, "பொங்கி வந்தா கூப்பிடு" என்று சொல்லிவிட்டு மாடிக்குத் துணி உலர்த்தப் போனாள். சின்னவள் அடுப்புக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து வாய்ப்பாடு எழுதிக்கொண்டிருந்தாள். பால் பொங்கியது, வழிந்தது, சுண்டியது, கருகியது. கடைசியில் பக்கத்து வீட்டுக்காரர் வந்து கதவை இடித்தார். அம்மா தலைதெறிக்க ஓடி வந்து பார்த்தால், புகைக்கு நடுவில் பெண் கண்ணைக் கசக்கிக்கொண்டே ஏழெட்டு ஐம்பத்தாறு எழுதுகிறாள். "ஏண்டி, உனக்கு மூக்கே இல்லையா?" என்று அம்மா போட்ட கூச்சல் அன்றைக்கு வெறும் வசவு. இரண்டு வாரம் கழித்து டாக்டர் அதையே கொஞ்சம் மரியாதையாகச் சொன்னார்.

அன்றிலிருந்து அக்காதான் அவளுக்கு மூக்கு. "இந்தச் சட்டை வேணாம், நேத்து போட்டது" என்பாள். "அந்தப் பாலைக் கொட்டிடு" என்பாள். அவளும் மறுபேச்சுப் பேசாமல் கேட்பாள். ஆனால் மனசுக்குள் ஓர் ஆச்சரியம் மட்டும் போகவே இல்லை. ஒன்றுமே இல்லாத காற்றைப் பார்த்து இந்த மனிதர்கள் ஏன் திடீரென்று சிரிக்கிறார்கள், திடீரென்று முகத்தைச் சுளிக்கிறார்கள்? அந்தக் காற்றில் அப்படி என்னதான் இருக்கிறது? பள்ளிக்கூடப் புத்தகத்தில், கார்பனும் ஆக்சிஜனும் இப்படிக் கை கோத்தால் பழ வாசனை, நடுவில் கந்தகம் புகுந்துவிட்டால் நாற்றம் என்று படித்த நாளில், ஊரெல்லாம் தனக்குத் தெரியாமல் பேசிக்கொண்டிருந்த ரகசியத்தின் அகராதி கையில் கிடைத்த மாதிரி இருந்தது அவளுக்கு. எடுத்தால் கெமிஸ்ட்ரிதான் என்று ஒற்றைக்காலில் நின்று பல்கலைக்கழகத்தில் சேர்ந்தாள்.

சேர்ந்த முதல் நாள் லேபிலேயே தலையில் இடி விழுந்தது.

பேராசிரியர் உயரமானவர், குரல் அதைவிட உயரமானது. வாசலில் நிற்கிற கடைசிப் பையன் வரைக்கும் கேட்கும்படி சொன்னார்: "கண்ணை நம்பாதீங்க, ஏமாத்தும். ஆர்கானிக் லேப்ல முதல் கருவி மூக்கு! பாட்டிலைத் திறந்ததுமே பாதி விடை மூக்குல வந்து நிக்கணும். மூக்கு சரியில்லாதவங்க இப்பவே சொல்லிடுங்க. கணக்குப் பிரிவுல இன்னும் இடம் இருக்கு."

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்து வைத்தாள். கணக்கு அவளுக்குப் பேய்.

அறிக்கைத் தாள் வேறு கழுத்தை அறுத்தது. என்ன பொருள் என்று தெரியாத ஒரு திரவத்தையோ பொடியையோ குட்டிக் குப்பியில் கொடுப்பார்கள். அதைச் சோதித்து இன்னதென்று கண்டுபிடிக்க வேண்டும். தாளில் முதல் வரிசை நிறம். இரண்டாவது வரிசை மணம். மூன்றாவதற்குப் போவதற்குள் அவள் கதை முடிந்துவிடும்.

அவளோடு ஒரே மேசையைப் பங்குபோட்டுக்கொண்டவள் ரேடியோ. வாயை மூடினால் உயிர் போய்விடும் என்பது போலப் பேசுகிறவள் என்பதால் அந்தப் பெயர். சாமியாரின் குட்டு பத்தாவது நிமிடத்தில் ரேடியோவிடம் உடைந்தது. மேசையில் இருந்த பாட்டில் ஒன்றைத் திறந்து, எல்லோரும் செய்கிறது போலக் கையால் காற்றை விசிறி, கண்ணை மூடி, "ம்ம்... லேசா பழ வாசனை" என்றாள் சாமியார்.

ரேடியோ பாட்டிலைத் திருப்பிக் காட்டினாள். "அது வெறும் தண்ணிடி."

அப்புறம் மறைத்து என்ன பயன்? எல்லாவற்றையும் சொன்னாள். ரேடியோ ஐந்து விநாடி பேசாமல் இருந்தாள். அந்த வருடத்தில் அவள் பேசாமல் இருந்த மிக நீண்ட நேரம் அதுதான். பிறகு, "விடு, நான் இருக்கேன். எனக்கு மெல்டிங் பாயிண்ட் பார்க்கப் பொறுமை கிடையாது. அதை நீ பாரு. உனக்கு நான் மோந்து சொல்றேன்" என்றாள்.

ஒப்பந்தம் ஆயிற்று. அறிக்கை எழுதும்போது பேசக்கூடாது என்பதால் சைகை வைத்துக்கொண்டார்கள். காதைத் தொட்டால் பழம். கழுத்தைத் தொட்டால் மீன். நெற்றியைத் தொட்டால் ஆஸ்பத்திரி. முடியைக் கோதினால் வாசனை ஒன்றுமில்லை. இரண்டு மாதம் வண்டி நன்றாக ஓடியது. சாமியாருக்குக் கைராசி வேறு. மற்றவர்கள் கண்ணாடிக் கம்பியால் தேய்த்து, ஐஸில் வைத்து, கெஞ்சிக் கூத்தாடினாலும் வராத படிகம் இவள் குடுவையில் ஊசி ஊசியாகத் தானாக வந்து இறங்கும். பேராசிரியரே மற்றவர்களைக் கூப்பிட்டுக் காட்டினார்.

பிறகு ஒருநாள் ஒரு கொசு ரேடியோவின் காதில் கடித்தது.

அன்றைக்குக் கொடுத்த திரவம் அப்பட்டமான மீன் நாற்றம். ரேடியோ கழுத்தைத் தொட்டுவிட்டுத்தான் காதைச் சொறிந்தாள். சாமியார் திரும்பிப் பார்த்தபோது அவள் கை காதில்தான் இருந்தது. 'இனிய பழ மணம்' என்று அழகான கையெழுத்தில் எழுதிக் கொடுத்தாள்.

பேராசிரியர் தாளைப் படித்தார். குப்பியை முகர்ந்தார். மறுபடியும் தாளைப் படித்தார். "இது பழமா? எந்த மரத்துல காய்க்குது?" என்றார். பிறகு வகுப்பைப் பார்த்து, "கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை!" என்று பெருமூச்சு விட்டார். சாமியாருக்கு மூக்கறுபட்ட மாதிரி ஆயிற்று. இருந்தும் பயன்படாத மூக்கு அறுபட்டால்தான் என்ன என்று அன்று இரவு அக்காவிடம் சொல்லி அழுதாள், சிரித்தாள்.

சைகையைக் கைவிட்டு, ரேடியோ காதோடு கிசுகிசுப்பது என்று மாற்றிக்கொண்டார்கள். அதிலும் ஒரு வில்லங்கம். ரேடியோவுக்கு எதையும் சுருக்கமாகச் சொல்ல வராது. ஒரு வாரம், "எங்க மாமா மழையில நனைச்சுட்டு வந்து கட்டில் அடியில போட்ட ஷூ மாதிரிடி" என்றாள். கேட்டதை அப்படியே எழுதுகிற பழக்கத்தில் சாமியார் 'மாமாவின் நனைந்த ஷூவைப் போன்ற நெடி' என்று எழுதிவிட்டாள்.

"யாரோட மாமா?" என்று கேட்டார் பேராசிரியர்.

"பொதுவா... எல்லா மாமாவும்தான் சார்."

அவர் பத்துக்கு ஒன்பது மதிப்பெண் போட்டார். அந்தத் திரவத்துக்கு அதைவிடப் பொருத்தமான வருணனை அவருக்கும் கிடைக்கவில்லை.

இப்படியே வருடம் உருண்டது. ஒரே ஒரு சோதனையை மட்டும் சாமியார் தன் கையால் செய்ததே இல்லை. அமீன் என்ற வகைப் பொருளைக் கண்டுபிடிக்கும் கார்பைலமீன் சோதனை அது. பொருளில் ஒரு துளி, ஆல்கஹாலில் கரைத்த காரம் கொஞ்சம், குளோரோஃபார்ம் ஒரு துளி, இலேசாகச் சூடு. அமீன் இருக்கிறது என்றால் உலகத்திலேயே இல்லாத ஒரு நாற்றம் கிளம்பும். நிறம் மாறாது, வீழ்படிவு வராது. நாற்றம்தான் விடை. காற்றோட்டக் கூண்டுக்குள் வைத்துச் செய்ய வேண்டியது. ஆனால் அந்த லேபின் கூண்டில் விசிறி ஓடி நாலு வருடம் ஆயிற்று. உடைந்த ஸ்டூல்களை அதற்குள்ளேதான் அடுக்கி வைத்திருந்தார்கள். அதனால் ஜன்னலோரம் போய், ஒரே துளியில் செய்து, நாற்றம் வந்ததும் சட்டென்று ஆசிட்டைக் கொட்டி அடக்கிவிட வேண்டும் என்பது பேராசிரியர் கட்டளை. அந்த வேலையை எப்போதும் ரேடியோ செய்வாள். "ஐயோ!" என்று அலறினால் அமீன் இருக்கிறது. அலறாவிட்டால் இல்லை. இவ்வளவு தெளிவான விடை எந்தக் கருவியும் கொடுக்காது.

வருடக் கடைசித் தேர்வு வந்தது.

வெளியிலிருந்து தேர்வாளராக ஓர் அம்மா வருவதாகச் சொன்னார்கள். எக்ஸ்டெர்னல் மேடம். வருவதற்கு முன்பே புகழ் வந்துவிட்டது. கண்ணாடிக்கு மேலே பார்த்தால் பாஸ், கண்ணாடி வழியாகப் பார்த்தால் ஃபெயில் என்றார்கள். ஆள் வந்தபோது குள்ளமாக, சாதுவாக, தோளில் தன்னைவிடப் பெரிய பையோடு வந்தார். வந்ததும் செய்த முதல் வேலை, யார் எந்த மேசை என்பதைச் சீட்டுப் போட்டு எடுக்கச் சொன்னதுதான்.

சாமியாருக்கு வடக்குக் கோடி. ரேடியோவுக்குத் தெற்குக் கோடி, அதுவும் முதுகைக் காட்டிக்கொண்டு. நடுவில் முப்பத்தொன்பது பேர்.

"நடுவுல ஒரு தடவை தண்ணி குடிக்க வர்ற சாக்குல உன் பக்கம் வந்து மோந்துட்டுப் போறேன்" என்று ரேடியோ வாயசைத்தாள். அதற்குள் அவளுக்குக் கொடுத்த பொடி எதிலும் கரையாமல் அவள் பிராணனை வாங்க ஆரம்பித்துவிட்டது. தண்ணீர் தாகம் எல்லாம் அவளுக்கு மறந்துபோயிற்று.

சாமியாரின் குப்பியில் பழுப்பு நிறத் திரவம். நிறம் என்ற இடத்தில் எழுதினாள். மணம் என்ற இடத்தை விட்டுவிட்டு, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று கீழே போனாள். ஸ்பாட்டுலா கரண்டியில் எரித்தால் கரும்புகை. ஆசிட்டில் கரைகிறது. நைட்ரஜன் இருக்கிறது. எல்லாம் ஒரே பக்கம் கை காட்டின. அமீன்தான், அநேகமாக அனிலின்தான். உறுதி செய்ய இரண்டு சோதனை வேண்டும். ஒன்று சாயச் சோதனை. ஐஸில் குளிரவைத்துச் செய்தால் ஆரஞ்சு நிறம் பளீரென்று வரும். ஐஸ் வாளியைப் போய்ப் பார்த்தாள். நாற்பது பேர் கை வைத்த வாளியில் வெறும் தண்ணீர்தான் ஆடிக்கொண்டிருந்தது. அதிலேயே வைத்துச் செய்து பார்த்தாள். ஆரஞ்சுக்குப் பதில் சேற்றுக் குழம்பு மாதிரி ஏதோ வந்தது.

மிச்சம் இருந்தது கார்பைலமீன்.

கடிகாரத்தைப் பார்த்தாள். இன்னும் நாற்பது நிமிடம்தான். ரேடியோவின் முதுகைப் பார்த்தாள். அது திரும்புகிற முதுகாகத் தெரியவில்லை. ஜன்னலோரம் ஏற்கெனவே நாலு பேர் நின்று இடித்துக்கொண்டிருந்தார்கள். சரி, தன் இடத்திலேயே செய்துவிடலாம் என்று துணிந்தாள். ஒரு துளி பொருள், கொஞ்சம் காரம், ஒரு துளி குளோரோஃபார்ம். இலேசாகச் சூடு காட்டினாள். டெஸ்ட் ட்யூபை உற்றுப் பார்த்தாள். திரவம் கொதித்தது. அவ்வளவுதான்.

பக்கத்து மேசைப் பையன் தன் செருப்பின் அடியைத் தூக்கிப் பார்த்தான். இவள் கவனிக்கவில்லை.

வந்ததா, வரவில்லையா? ஒரு துளி போதவில்லையோ? சந்தேகம் என்று வந்துவிட்டால் சாண் ஏறினால் முழம் சறுக்கும். இன்னொரு ட்யூபில் ஐந்து துளி விட்டுச் செய்தாள். அப்போதும் ஒன்றும் இல்லை. அதாவது, அவளுக்கு ஒன்றும் இல்லை. பின்னால் ஸ்டூல்கள் கரகரவென்று நகர்ந்தன. எல்லோரும் முடித்துவிட்டுத் தாள் கொடுக்கக் கிளம்புகிறார்கள் போல என்று அவளுக்குப் பதற்றம் கூடியது. யாரோ ஒருத்தி, "ஐயோ, என்ன இது!" என்றாள். தேர்வில் ஐயோ சொல்லாதவர் யார்? பேராசிரியர் பக்கத்து அறையிலிருந்து ஓடிவந்து, "வெளியே! எல்லாரும் வெளியே!" என்று கத்தியதும் காதில் விழுந்தது. ஆனால் அவர் ஒரு வகுப்புக்கு மூன்று தடவையாவது யாரையாவது வெளியே போகச் சொல்கிற ஆள். பேசிக்கொண்டிருந்தவர்களைத் துரத்துகிறார், நமக்கென்ன என்று, பெரிய ட்யூப் ஒன்றை எடுத்து, குப்பியில் இருந்த மிச்சத்தில் பாதியைக் கொட்டி, காரத்தையும் குளோரோஃபார்மையும் தாராளமாக விட்டுப் பர்னரில் பிடித்தாள்.

லேப் அமைதியாக இருந்தது. தேர்வு நேரத்தில் இருக்க வேண்டிய நல்ல அமைதி. அவளுக்கு வேலையில் மனம் ஒன்றியது. தலை மட்டும் கொஞ்சம் வலிக்கிற மாதிரி இருந்தது. நாலு மணி நேரம் நின்ற களைப்பு என்று நினைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

ஒருவரும் இல்லை.

ஸ்டூல்கள் மல்லாந்து கிடந்தன. ஒரு குழாய் மூடாமல் ஓடிக்கொண்டிருந்தது. யாருடைய செருப்போ ஒற்றையாக வாசல் நடுவில் கிடந்தது. ஜன்னல் கண்ணாடிக்கு வெளியே, புல்தரையில், வகுப்பு மொத்தமும் கைக்குட்டையும் துப்பட்டாவும் சட்டை நுனியுமாக மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றது. ஒருவன் மரத்தடியில் குனிந்து வாந்தி எடுத்துக்கொண்டிருந்தான். பேராசிரியர் தலையை எண்ணிக்கொண்டிருந்தார். நாற்பது வரை எண்ணி, மறுபடி முதலிலிருந்து எண்ணினார்.

சாமியார் கையில் இருந்த ட்யூபைப் பார்த்தாள். ஜன்னலைப் பார்த்தாள். மறுபடி ட்யூபைப் பார்த்தாள். பிறகு பர்னரை அணைத்துவிட்டுப் பேனாவை எடுத்தாள்.

அந்தச் சமயத்தில் ஈரத் துண்டால் முகத்தைக் கட்டிக்கொண்டு, கொள்ளைக்காரன் மாதிரி உள்ளே பாய்ந்தார் ஸ்டோர் அண்ணன். லேபுக்கு வேண்டிய கண்ணாடிச் சாமானும் மருந்தும் எடுத்துக் கொடுக்கிறவர் அவர். வந்த வேகத்தில் ஆசிட் பாட்டிலை எடுத்து மூன்று ட்யூபிலும் கொட்டினார். ஜன்னல் கதவுகளை ஒவ்வொன்றாக அறைந்து திறந்தார்.

"வெளிய வாம்மா! உனக்கு என்ன பைத்தியமா?"

"ஒரே நிமிஷம்ணா. ஒரு வரி எழுதிக்கிறேன்."

"எழுதுறியா? எமன் எழுதிட்டிருக்கான் அங்க, நீ எழுதுறியா?" என்று அவள் கோட்டின் காலரைப் பிடித்து இழுத்தார். தாளோடும் பேனாவோடும் அவள் பின்பக்கமாகவே வெளியே வந்து சேர்ந்தாள்.

புல்தரையில் கால் வைத்ததும் கூட்டம் இரண்டாகப் பிளந்து வழி விட்டது. ராஜ மரியாதை இல்லை அது. ரேடியோ மட்டும் நாலடி தள்ளி நின்று, துப்பட்டாவுக்குள்ளிருந்து, "ஐயோ" என்றாள். அந்த வருடத்தில் எத்தனையோ தடவை கேட்ட அதே ஐயோ. சாமியாருக்கு அதைக் கேட்டதும்தான் உயிர் வந்தது.

லேபுக்குள் இனி அன்றைக்கு யாரும் போக முடியாது என்று ஆகிவிட்டது. சைக்கிள் நிறுத்துகிற கொட்டகையில் இரண்டு நாற்காலி போட்டு வைவாவை, அதாவது வாய்மொழித் தேர்வை, அங்கேயே வைத்துக்கொள்ளலாம் என்றார் எக்ஸ்டெர்னல் மேடம். முதலில் கூப்பிட்டது சாமியாரைத்தான். "கொஞ்சம் தள்ளியே நில்லும்மா. காத்து அந்தப் பக்கம் போகட்டும்" என்றார்.

பேராசிரியர் முகம் சிவந்திருந்தது. "ஒரு துளின்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன்? மூணு ட்யூப்! அதுல ஒண்ணு இந்த மொத்தம்! இவ ரொம்ப நல்ல பொண்ணு மேடம், இவளா இப்படிச் செய்வான்னு..."

மேடம் கையைக் காட்டி அவரை நிறுத்தினார். தாளை வாங்கிப் படித்தார். நிறம், பழுப்பு. மணம், காலி. கீழே வந்தார். கார்பைலமீன் சோதனைக்கு நேராக எழுதியிருந்ததை வாய்விட்டே படித்தார்.

"கண்டது: ஆய்வகத்தில் இருந்த நாற்பது பேரும் வெளியேறினர். முடிவு: முதல்நிலை அமீன் உள்ளது."

மேடத்தின் தோள் குலுங்கியது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். அதனால் மேலே பார்க்கிறாரா, வழியாகப் பார்க்கிறாரா என்று கணிக்க வழியில்லாமல் போயிற்று.

"இதென்னம்மா? சகிக்க முடியாத நாற்றம்னு எழுதவேண்டியதுதானே? எல்லாரும் அப்படித்தானே எழுதுவாங்க?"

"நான் அதைக் காணல மேடம். நான் கண்டது இதுதான்." இனிமேல் மறைத்து ஆகப்போவது ஒன்றுமில்லை. "எனக்கு வாசனை தெரியாது. பிறந்ததுல இருந்தே தெரியாது."

பேராசிரியர் ஓரடி முன்னால் வந்தார். "அப்ப... வருஷம் பூரா மணம், மணம்னு எழுதினியே?"

"நான்தான் சார் மோந்தேன்" என்றது கொட்டகைத் தூணுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல். ரேடியோவுக்கு ஒட்டுக்கேட்கத் தெரியும், ஒட்டுக்கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு நிற்கத் தெரியாது.

"அப்ப அந்த மாமா?"

"எங்க மாமா சார்."

பேராசிரியர் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். "ஏம்மா என்கிட்ட சொல்லல?"

"கணக்குப் பிரிவுக்கு அனுப்பிடுவீங்கன்னு சார்."

அவருக்கு முதலில் புரியவில்லை. வருடா வருடம் சொல்கிற சிரிப்புத் துணுக்கு அது. யாராவது அதை நம்புவார்கள் என்று அவர் கனவிலும் நினைத்ததில்லை. புரிந்ததும் கைக்குட்டையை எடுத்து நெற்றியைத் துடைத்தார்.

"இந்த வரியை எப்படி ஒத்துக்கிறது மேடம்?" என்று கடைசியில் கேட்டார். கோபம் போய் இப்போது நிஜமான குழப்பம். "விதிப்படி மணம்தானே சாட்சி?"

"ஒரு மூக்கு சொன்னா தப்பா இருக்கலாம் சார். ஜலதோஷம் இருக்கலாம், பக்கத்துல பார்த்து எழுதியிருக்கலாம். நாற்பது மூக்கு ஒரே சமயத்துல கதவைத் தாண்டி ஓடினா அதைவிட என்ன சாட்சி வேணும்? உங்க மூக்கையும் என் மூக்கையும் சேர்த்தா நாற்பத்திரண்டு." மேடம் சரி என்று ஒரு குறி போட்டார். பிறகு சிரிப்பை ஓரம் கட்டிவிட்டுச் சாமியாரைப் பார்த்தார். "சந்தோஷப்படாதே. பாதுகாப்புக்கு இருக்கிற பத்து மார்க்கையும் எடுத்துடறேன். மூக்குக்குத் தெரியலைன்னா நுரையீரலுக்கும் தெரியாதுன்னு அர்த்தமில்ல. தலை வலிக்குதா?"

"கொஞ்சம்."

"வலிக்கும். மத்தவங்களுக்கு நாற்றம் சொல்ற எச்சரிக்கையை உனக்கு யாராவது வாயால சொல்லணும். அதுக்கு முதல்ல நீ சொல்லணும்." பேராசிரியர் பக்கம் திரும்பினார். "கூண்டு விசிறி ஓடலைன்னு கேள்விப்பட்டேன். அறிக்கையில எழுதப்போறேன், வருத்தப்படாதீங்க."

"எழுதுங்க மேடம், நல்லா எழுதுங்க!" என்றார் பேராசிரியர். நாலு வருடமாகத் தான் எழுதிய கடிதங்களுக்கு வராத பதில் இதற்காவது வரும் என்ற நம்பிக்கை அவர் குரலில் எட்டிப் பார்த்தது.

மற்றவர்களுக்கு மறுநாள் புதிதாகத் தேர்வு வைப்பதாக அறிவித்தார்கள். பாதி வகுப்பு சாமியாரைக் கொன்றுவிடும் பார்வை பார்த்தது. விடை கிடைக்காமல் முழித்துக்கொண்டிருந்த மறுபாதி, தூரத்திலிருந்தே கை எடுத்துக் கும்பிட்டது. கும்பிட்டவர்களில் ரேடியோ முதல் ஆள்.

வீட்டுக்குப் பஸ்ஸில் போனாள். வழக்கமாக ஒற்றைக் காலில் தொங்கிக்கொண்டு போக வேண்டிய பஸ். அன்றைக்கு ஏறிய இரண்டாவது நிறுத்தத்தில் ஜன்னல் சீட்டே கிடைத்தது. அடுத்த நிறுத்தத்தில் முன்னும் பின்னும் மூன்று வரிசை காலியாயிற்று. கண்டக்டர் டிக்கெட் பணத்தைக் கேட்கவே இல்லை. இவளாக எழுந்து கொடுக்கப் போனதும், "உட்காரும்மா, நீ உட்காரு, வராதே!" என்று பின்வாங்கினார்.

வீட்டு வாசலில் அக்காதான் கதவைத் திறந்தாள். திறந்த வேகத்தில் மூடினாள்.

"அம்மா! உள்ள விடாதே அவளை! ஏதோ செத்ததை மிதிச்சுட்டு வந்திருக்கா!"

"பரீட்சை எப்படிடி எழுதினே?" என்று மூடிய கதவுக்குப் பின்னாலிருந்து அம்மா கேட்டாள்.

"நல்லாத்தான் எழுதினேன். திறம்மா."

"நல்லா எழுதினா இப்படியா நாறும்? கொல்லைப் பக்கம் போ. சோப்பும் துணியும் ஜன்னல்ல வைக்கிறேன்."

மூன்று தடவை குளித்தாள். ஒவ்வொரு தடவையும் அக்கா ஜன்னல் வழியாக மூக்கை நீட்டி, "இன்னொரு தடவை" என்று தீர்ப்புச் சொன்னாள். மூன்றாவதில் வீட்டுக்குள் அனுமதி கிடைத்தது, சமையலறைக்கு மட்டும் கிடைக்கவில்லை. அவள் போட்டிருந்த உடுப்பை அம்மா குச்சியால் தூக்கிக் கொண்டுபோய்க் கொடியின் கடைசியில் தொங்கவிட்டாள். நாலாம் நாள் பக்கத்து வீட்டுக்காரர் வந்து, எங்கேயாவது எலி செத்துக் கிடக்கிறதா பாருங்கள் என்று தயவாகச் சொல்லிவிட்டுப் போனார்.

மூன்று வாரத்தில் முடிவு வந்தது. சாமியாருக்கு எழுபத்திரண்டு. ரேடியோவுக்கு எண்பது. மறுதேர்வில் அவளுக்குக் கிடைத்தது குழந்தைகூடக் கண்டுபிடிக்கிற பொடி. மதிப்பெண் பலகைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தபோது பேராசிரியர் பின்னாலிருந்து கூப்பிட்டார். இரண்டு பேரும் பயந்துகொண்டே திரும்பினார்கள். அவர் வழக்கத்துக்கு மாறாகக் குரலைத் தாழ்த்திக்கொண்டு நின்றார். அவரால் தாழ்த்த முடியும் என்பதே அன்றுதான் தெரிந்தது.

"அடுத்த வருஷம் புராஜெக்ட் யார்கிட்ட செய்யறதா இருக்கே?"

"இன்னும் யோசிக்கல சார்."

"என் லேப்ல கந்தகச் சேர்மம் ஒரு வேலை இருக்கு. தையால்னு பேரு. நல்ல வேலை, புதுசு." தொண்டையைக் கனைத்தார். "ரெண்டு வருஷமா அதுக்கு ஆள் வரல. வந்த ஒருத்தனுக்கும் கல்யாணம் நிச்சயமாச்சு, பொண்ணு வீட்டுல வேலையை விடச் சொல்லிட்டாங்க. அந்த நாற்றம் அப்படி. உன் படிகமெல்லாம் நான் பார்த்திருக்கேன். கட்டாயமில்ல, யோசிச்சுச் சொல்லு."

சாமியார் யோசித்தாள். இவ்வளவு பெரிய மனிதர் தன்னிடம் கேட்கிறார் என்று மனசு துள்ளியது. ஆனாலும் தலைவலி ஞாபகம் இருந்தது.

"வர்றேன் சார். ஆனா வாயு அளக்கிற கருவி ஒண்ணு வேணும், அது அடிச்சா சத்தம் போடணும். நான் தனியா வேலை செய்ய மாட்டேன். மூக்கு இருக்கிற ஆள் ஒருத்தர் கூட இருக்கணும்."

"நியாயம். கருவி வாங்கிடலாம். கூட யாரு?"

இரண்டு பேரும் ஒரே சமயத்தில் ரேடியோவைப் பார்த்தார்கள்.

ரேடியோ ஒன்றும் பேசவில்லை. ஐந்து விநாடி போயிற்று, பத்து ஆயிற்று, பதினைந்தும் ஆயிற்று.

"எங்க வீட்டுல குளியலறை மாடியில இருக்கு சார்," என்றாள் கடைசியில். "அதுவரைக்கும் என்னைப் படி ஏற யாரு விடுவாங்க?"

"லேப்லயே குளிக்க ஒரு அறை கட்டித் தரச் சொல்றேன்" என்றார் பேராசிரியர். "ஒரு கடிதம் எழுதினா போதும்."

"அப்ப நாலு வருஷம் ஆகும்" என்றாள் ரேடியோ. "அதுக்குள்ள நாங்க படிச்சு முடிச்சிடுவோம் சார். சரி, வர்றேன்."